நன்றாக வாசிக்கிற பிள்ளை

கோமதி மடத்துக்குள் வந்தபோது உச்சிவெயில். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்கான உடுப்பைக்கூட மாற்றவில்லை. எப்போதும் காலைக் கழுவிவிட்டு உள்ளே வருகிறவள், அன்று செருப்பை வாசலில் உதறிவிட்டு நேரே வந்தாள்.

மடத்தை நடத்தும் அம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சின்ன மடம் அது. வாய்க்கால் கரையில் ஓடு வேய்ந்த ஒரு வீடு, அவ்வளவுதான். பௌர்ணமிதோறும் மாலையில் ஊர்க்காரர்கள் கூடுவார்கள். மடத்து நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள். அம்மை கொஞ்சம் பேசுவார். பிறகு பாயசம். வயதில் அம்மை கோமதிக்கு இளையவர். ஆனாலும் கோமதி அவரிடம் தீட்சை வாங்கியவள். அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரை அம்மை என்பாள். இருவருக்கும் அது பழகியிருந்தது.

"என் பிள்ளைய வராண்டாவுல உக்கார வச்சிருக்காவ அம்மை."

"யாரு?"

"நல்லபெருமாள் சார்."

நல்லபெருமாள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியர். அவரும் பௌர்ணமி தவறாமல் மடத்துக்கு வருகிறவர்தான். கோமதியின் மகள் பொன்மலர் அவரிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள்; வகுப்பாசிரியரும் அவர்தான்.

"எதுக்கு?"

"நடிக்காளாம்."

அம்மை கல்லைத் தூரப் போட்டார்.

"ஒரு பத்தியக் கொடுத்துக் கேள்வி கேட்டா ஒண்ணும் எழுதமாட்டேங்கா. எழுதினாலும் சம்பந்தமில்லாம எழுதுதா. 'இப்படி வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குப் புரியாமப் போகுமா? எல்லாம் திமிரு'ங்காவ. அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசின்னு வெளியில உக்கார வச்சிட்டாவ. போன வாரத்துலேருந்து வராண்டாவுலதான் கெடக்கா. நேத்துதான் எனக்கே தெரியும். இன்னிக்குப் போய்க் கேட்டா, அரைப் பரீட்சைக்குள்ள நடிப்பை நிறுத்தலேன்னா டி.சி.ய வாங்கிக்கோங்கங்காவ. அடுத்த வருஷம் பத்தாவதாம். ரிசல்ட் கெட்டுப்போயிருமாம்."

மூச்சு வாங்க நிறுத்தினாள். மறுபடியும் தொடங்கினாள்.

"வாசிக்கத் தெரியாத பிள்ளைன்னா நானே ஒத்துக்கிடுவேன். இவ எப்படி வாசிப்பா! ஒண்ணாங்கிளாஸ்லயே பேப்பர் வாசிச்சவ. கொடியேத்தினா இவதான் உறுதிமொழி வாசிக்கணும். கலெக்டர் வந்தா இவதான் வரவேற்பு வாசிக்கணும். இன்னிக்கு இவளுக்குத் திமிராம்!"

"தெரியும். இங்கயும் அவதானே வாசிக்கா."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். நீங்க சார்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. நீங்க சொன்னா கேப்பாவ."

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"மலர் என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்ல? படிச்சேன், படிச்சேன்னு அதையே சொல்லுதா. எரிச்சல்ல நானும் ரெண்டு வச்சேன்."

"யார்மேல எரிச்சல்?"

கோமதி குனிந்து முறத்து அரிசியில் ஒரு கல்லைத் தேடினாள்.

"சாயங்காலம் கூட்டிட்டு வாங்க அக்கா."

கோமதி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"கோபத்தை அடக்குன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"அடக்க வேண்டாம். கண்டவங்கமேல செலவழிக்காதீங்க. அது வேண்டியிருக்கும்."

*

மாலையில் பொன்மலர் வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். கன்னத்தில் அடியின் தடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது. அம்மா பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நேரமாயிட்டே?" என்றார் அம்மை.

"பஸ் லேட் அம்மை. கண்டக்டரோட அம்மா ஏறினாங்க."

"அவங்க அம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏறினதுலேருந்து அவரைத் திட்டிக்கிட்டே வந்தாங்க. அவரு ஒண்ணும் சொல்லல. அவங்க கையில இருந்த தூக்குச்சட்டிய வாங்கித் தன் சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டாரு. இறங்கும்போது கையப் பிடிச்சு இறக்கிவிட்டாரு. மத்தவங்களை எல்லாம் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டுவாரு."

அம்மை சிரித்தார். ஒரு காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் அவர் கையால் எழுதிய சில வரிகள் இருந்தன.

"இதை வாசி."

பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாவணியைச் சரிசெய்தாள். குரலே மாறிவிட்டது. முற்றத்தில் மணி அடித்ததுபோல் வாசித்தாள்.

"மழை விட்ட காலையில் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அடுப்பு எரியவில்லை. பெரியவரின் நாய் அவருடைய கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது."

எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினாள். கோமதியின் முகம் அந்தக் கோபத்திலும் மலர்ந்தது.

"யாரு செத்தது?" என்று கேட்டார் அம்மை.

பொன்மலர் திடுக்கிட்டாள். காகிதத்தைப் பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள்.

"யாராச்சும் செத்திட்டாங்களா?"

"ஏட்டி! இப்பதானே வாசிச்சே!" என்றாள் கோமதி.

"வாசிச்சேம்மா. செத்தாருன்னு இதுல எங்கேயும் இல்லையே. நீயே பாரு."

அம்மை கையை உயர்த்தினார். கோமதி வாயை மூடிக்கொண்டாள்.

"உங்க தெருவுல ஒரு வீடு. வாசல்ல செருப்பாக் குவிஞ்சு கெடக்கு. எல்லாரும் மெதுவாப் பேசுதாங்க. அடுப்பு எரியல. என்ன விசேஷம்?"

"எழவு வீடு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாமே. பார்த்தாலே தெரியும்லா."

பெண்ணின் கண்கள் மெல்லக் காகிதத்துக்குத் திரும்பின. உதடு அசையவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தத் தாத்தா," என்றாள் மெதுவாக. "நாய் அதனாலதான் எந்திரிக்கல."

பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அம்மை, காகிதத்துலயும் அப்படிப் பார்க்கலாமா?"

கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளும் வாசிக்கும்போது எதைப் பார்த்தே?"

"அடுத்த வரிய."

"எதுக்கு?"

"எங்க நிறுத்தணும், எங்க குரலை ஏத்தணும்னு. சார் அப்படித்தான் சொல்லித் தந்தாவ. நீங்களும் சொன்னீங்க அம்மை, வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்னு."

அம்மையின் முகம் மாறியது.

"பரீட்சையில கேள்வி கேப்பாங்களே, அதுக்கு என்ன செய்வே?"

"கேள்வியில இருக்கிற வார்த்தையப் பாடத்துல தேடுவேன். அது இருக்கிற வரிய அப்படியே எழுதுவேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் நல்ல மார்க் வந்துச்சு. இப்ப கேக்கிற கேள்வியில அந்த வார்த்தையே வரமாட்டேங்குது. ஏன்னு கேக்காங்க. எதனாலன்னு கேக்காங்க. எங்க தேடன்னு தெரியல. எல்லாரும் இப்படித்தான் வாசிக்காங்கன்னு நினைச்சேன் அம்மை."

"தோட்டத்துல வெண்டைக்கா முத்திக்கிட்டு இருக்கு. போய்ப் பறிச்சிட்டு வா" என்றார் அம்மை.

பெண் போனதும் கோமதி வெடித்தாள்.

"இத்தனை வருஷம் எல்லாரையும் ஏமாத்திருக்காளே! நான் ஊரெல்லாம் பெருமையடிச்சேன்!"

"கேட்டதைக் கொடுத்தா அக்கா." அம்மையின் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து கோமதி கேட்டதில்லை. "நாம கேட்டது குரலை மட்டும். வேற ஏதாச்சும் என்னிக்காவது கேட்டோமா?"

வீட்டுக்குப் போகும் வழியில் கோமதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஏன் மலரு என்கிட்டச் சொல்லல?"

"எதைம்மா சொல்ல? எனக்குப் புரியலன்னே எனக்குத் தெரியாதே."

*

அதன்பிறகு பள்ளி விட்டதும் பொன்மலர் மடத்துக்கு வந்தாள். பகலெல்லாம் வராண்டா. மாலையில் வாய்க்கால் கரை.

"வாயை மூடிக்கிட்டு வாசி" என்றார் அம்மை.

அது அவளுக்கு முடியவில்லை. உதடு தானாக அசைந்தது. தொண்டை தானாக ஏறி இறங்கியது. குரல் இல்லாவிட்டால் தான் வாசிக்கிறோமா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒரு வரி. கண்ணை மூட வேண்டும். என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

சில நாள் ஒரு மரம் தெரிந்தது. சில நாள் ஒரு மனிதர் குடை பிடித்துப் போனார். பல நாள் ஒன்றுமே தெரியவில்லை.

"வெறும் எழுத்துதான் அம்மை."

"சரி."

"திட்டமாட்டீங்களா?"

"எதுக்கு? ஒண்ணும் தெரியலன்னு உனக்கே தெரியுதே."

ஒருநாள் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். "நான் முன்னாடியே நல்லா இருந்தேன்!" என்று கத்தினாள். "எல்லாரும் கை தட்டினாங்க!"

அம்மை அந்தக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். அன்று பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரமாட்டாள் என்று கோமதி நினைத்தாள். வந்தாள்.

கோமதிதான் பொறுக்க முடியாமல் தவித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பாள். வராண்டாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மகளின் சடை தெரியும். போகிற வருகிற பிள்ளைகள் காலை மடக்கு என்று சொல்லித் தாண்டிப் போவார்கள்.

"இன்னும் எத்தனை நாள் அம்மை? இப்பவாவது சார்கிட்டப் பேசக்கூடாதா?"

"பௌர்ணமிக்கு வருவாரு."

*

பௌர்ணமி மாலை. கூடம் நிறைந்திருந்தது. பின்கட்டில் பாயசம் கொதித்து ஏலக்காய் மணம் வந்துகொண்டிருந்தது. நல்லபெருமாள் முன்வரிசையில் விபூதி துலங்க உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பொன்மலரை முதன்முதலில் இந்தக் கூட்டத்தில் வாசிக்கக் கூட்டிவந்ததும் அவர்தான். இன்று அவள் கும்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வழக்கம்போல எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு நான் வாசிக்கேன்" என்றார் அம்மை.

நூலை விரித்தார். அவருக்கும் நல்ல குரல். இழுத்து, நிறுத்தி, ராகம் சேர்த்து வாசித்தார்.

"கொடுக்கிற கை மேலே இருப்பதாக எண்ணுகிறது. வாங்குகிற கை கீழே இருப்பதாக எண்ணுகிறது. இரண்டும் தொடுவது ஒரே பொருளைத்தான்."

"ஆஹா" என்றார் ஒருவர். நல்லபெருமாள் கண்ணை மூடித் தொடையில் மெல்லத் தாளம் போட்டார்.

அம்மை அதே ராகத்தில் தொடர்ந்தார்.

"இன்று பின்கட்டில் கொதிக்கும் பாயசத்தில் ஒரு பல்லி விழுந்துவிட்டது. அதை உண்போர் வாந்தி பேதியால் வருந்துவர். ஆதலால் அன்புடையவர் கொடுத்ததை எண்ணார், பெற்றதை மறவார்."

"ஆஹா, ஆஹா!" கூட்டத்தில் பலர் கைகூப்பினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மை, பாயசத்துல பல்லியா விழுந்திட்டு?"

பொன்மலர் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் உண்மையான கவலை.

நல்லபெருமாள் கண்ணைத் திறந்தார். "ஏ பிள்ளை! நூல் வாசிக்கும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு தெரியாதா? இங்க வந்துமா உன் திமிரு?"

அம்மை நூலை மூடினார்.

"சார், நான் என்ன வாசிச்சேன்?"

"ஈகையோட பெருமை அம்மை. என்ன அருமையா வாசிச்சீங்க!"

"அப்புறம்?"

"அப்புறம்… அன்பு. அன்புடையவர் மறக்கமாட்டார்னு."

"பாயசத்தைப் பத்தி?"

நல்லபெருமாள் குழப்பத்துடன் சிரித்தார். "அது கடைசியிலதானே தருவீங்க?"

ஒருத்தி எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள். கரண்டி சத்தம் கேட்டது.

"பல்லி விழல" என்றார் அம்மை. "விழுந்திருந்தா இந்தப் பிள்ளை ஒருத்திதான் தப்பிச்சிருப்பா."

நல்லபெருமாளின் முகம் கறுத்தது. எழுந்து நின்றார்.

"ஊர் முன்னால என்னை அவமானப்படுத்திட்டீங்க அம்மை."

"ஆமா சார். எப்படி இருக்கு?"

அவர் பின்னால் நின்ற பொன்மலரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கும் அப்படித்தான் இருக்கு. இன்னிக்குத்தான் உங்களுக்கு. அவளுக்கு தினம்."

"நான் என்ன செய்ய முடியும்?" என்றார் அவர். "ஒரு கிளாஸ்ல அறுபது பிள்ளைங்க. ஒரே கூச்சல். இவ எந்திரிச்சு வாசிச்சாத்தான் அடங்குவாங்க. ஆறாங்கிளாஸ்லேருந்து எல்லாப் பாடத்தையும் இவளை வச்சுத்தான் வாசிக்கச் சொன்னேன். இவளுக்குப் புரியலன்னு நான் எப்படிக் கண்டேன்?"

"அப்ப இத்தனை வருஷமும் அவ உங்க வேலையைப் பார்த்திருக்கா. கூலியா வராண்டாவைக் கொடுத்திருக்கீங்க."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்போது கோமதி எழுந்தாள்.

"நீங்க மட்டும் என்ன அம்மை?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மடத்தில் யாரும் அம்மையிடம் அப்படிப் பேசியதில்லை. கோமதியின் குரல் நடுங்கவில்லை.

"மாசாமாசம் என் பிள்ளைய இந்த இடத்துல உக்கார வச்சு வாசிக்க வச்சீங்க. நானும் முன்னால உக்காந்து பூரிச்சுப்போனேன். ஒருநாள் கேட்டீங்களா, இதுல உனக்கு என்ன புரிஞ்சுதுன்னு? ஒரே ஒருநாள்? சார் வராண்டாவுல உக்கார வச்சாவ. நீங்க மேடையில உக்கார வச்சீங்க. ரெண்டு இடத்துலயும் அவ ஒத்தையாத்தான் இருந்தா. இன்னிக்கு சாரைக் கேக்கிறதுக்கு உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு? எனக்குத்தான் என்ன இருக்கு?"

அம்மை நூலைக் கீழே வைத்தார்.

"கேக்கல அக்கா" என்றார் அம்மை. "நான் கேக்கவே இல்ல."

அன்று பாயசம் நிறைய மிஞ்சிப்போனது.

*

மறுநாள் காலை பள்ளி மணி அடித்தது. பொன்மலர் பையோடு வராண்டாவுக்கு வந்தாள். தன் இடத்துக்குப் பக்கத்தில் இருவர் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அம்மை தரையில் சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். பக்கத்தில் கோமதி. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வகுப்பின் ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள்.

நல்லபெருமாள் வருகைப் பதிவேட்டோடு வந்தார். இரவு தூங்கியவர்போல் தெரியவில்லை. இவர்களைக் கண்டதும் பதறிவிட்டார்.

"அம்மை! என்ன இது, தரையில? எந்திரிங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பார்க்கட்டும்."

"நாற்காலியாவது போடச் சொல்லுதேன்."

"இவளுக்குப் போட்டீங்களா?"

"நேத்துச் சொன்னதுக்கு இன்னிக்கும் தண்டனையா அம்மை எனக்கு?"

"உங்களுக்கு இல்ல சார். எனக்கு."

"நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

"நல்லா வாசிக்கிற பிள்ளைன்னு சொன்னேன். சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டேன். அக்காவும் சொன்னாங்க. அவங்களும் உக்காந்திருக்காங்க. அப்படிச் சொன்னவங்க இன்னும் யாராச்சும் இருந்தா, இங்க இடம் நிறைய இருக்கு."

நல்லபெருமாள் வராண்டாவைப் பார்த்தார். தரையில் ஒரு இடம் மட்டும் தூசி இல்லாமல் வழவழவென்று இருந்தது. அந்தப் பெண் தினமும் உட்கார்ந்த இடம். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குனிந்து பொன்மலரின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வா பிள்ளை. உள்ள வா."

அவள் நகரவில்லை.

"வாசிக்கச் சொல்லுவீங்களா சார்?"

"வாசி. புரியாத இடத்துல நிறுத்து."

"நிறுத்தினா வெளிய அனுப்புவீங்களா?"

"இல்லம்மா."

அவள் உள்ளே போனாள். அம்மையும் கோமதியும் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. அது பழைய குரல் இல்லை. மணியும் இல்லை, ராகமும் இல்லை. வீட்டில் பேசுகிற குரல், அங்கங்கே தட்டித் தட்டி வந்தது. வகுப்பில் சலசலப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

கோமதி எழப் போனாள். அம்மை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

குரல் நின்றது.

"சார், 'அந்த ஆண்டு ஊர் ஆடிப்பெருக்கு கொண்டாடவில்லை'ன்னு போட்டிருக்கு. ஏன் கொண்டாடல? எனக்குப் புரியல."

சிரிப்பு அதிகமாயிற்று. ஒரு பையன் சொன்னான்: "எனக்கும் அது புரியல சார்."

சிரிப்பு அடங்கியது.

"எனக்கும் சார்."

"ஆத்துல தண்ணி இல்லாம இருந்திருக்கும்."

"போடா. வெள்ளம் வந்திருக்கும்."

"அதுக்கு முந்தின வரியில வெயில்னு இருக்குல்லா?"

"சார், அதுக்கு மேல இருக்கிற வரியும் புரியல சார். அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன்."

ஒரே கூச்சல். பெஞ்சுகள் நகர்ந்தன. நல்லபெருமாள் ஒவ்வொருத்தராச் சொல்லுங்க, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. கோமதி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

நல்லபெருமாள் வெளியே வந்தார். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். நெற்றி வியர்த்திருந்தது.

"டி.சி. பேச்சை விட்டிருங்க," என்றார் கோமதியிடம். "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அரைப் பரீட்சையில அவ எவ்வளவு வாங்கினாலும் சரி."

கோமதி தலையசைத்தாள். நன்றி சொல்லவில்லை.

அவர் அம்மையிடம் திரும்பினார். குரலில் இன்னும் சூடு இருந்தது.

"ஒரு பிள்ளைய உள்ள விட்டேன் அம்மை. இப்ப பாதி கிளாஸ் எந்திரிச்சு நின்னு புரியலங்குது. ஒரு பீரியட் முழுக்க நாலு வரி தாண்டல. இப்படியே போனா நான் எப்பப் பாடத்தை முடிக்க?"

அம்மை எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"இவ்வளவு நாளும் எதை முடிச்சீங்க சார்?"